பாம்பன் பாலம்தான் எங்கள் மலை. சைக்கிளில் கொல்லிமலை ஏற முடியுமா?

மண்டபத்துக்காரன், வயது 41. எங்கள் பக்கம் மேடு என்றால் பாம்பன் சாலைப் பாலம்தான். 2 கிலோமீட்டர் சொச்சம், அதிலும் பாதி இறக்கம். வாய் சும்மா இல்லாமல், தை மாதம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுவதாக நண்பர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். 70 கொண்டை ஊசி வளைவு! சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். போதுமா? கச்சான் காற்றை எதிர்த்து ராமநாதபுரம் வரை மிதிப்பது பயிற்சியாகுமா?

பதில் 1:
28 வேண்டாம் தம்பி. நான் அதோடு போய் பாதியில் தள்ளிக்கொண்டு நடந்தவன். பின்னால் 34 போடுங்கள். பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. பின் கியர் மாற்றி அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள். வளைவின் உள் ஓரம்தான் செங்குத்து. வண்டி வராவிட்டால் சற்று விலகி ஏறுங்கள். பேருந்து ஹாரன் கேட்டால் ஓரம்தான், வீராப்பு வேண்டாம். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் கொதிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

பதில் 2 (உச்சிப்புளி):
காற்று நல்ல வாத்தியார்தான் அண்ணே, ஆனால் வேறு பாடம். வேகத்தைக் குறைத்தால் காற்று கொஞ்சம் இரக்கம் காட்டும், மலை காட்டாது. அங்கே உடம்பு எடைதான் கணக்கு. ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்கள்.

கேட்டவர்:
34 போட்டாச்சு. பாலத்தில் நேற்று ஆறு தடவை ஏறி இறங்கினேன். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து ஒரு மீன்வண்டிக்காரர் நிறுத்தி விசாரித்தார். பரோட்டா பற்றி அப்புறம் பேசுவோம்.