நீட்டித்த வாரன்டி: இப்போதே போடுவதா, கடைசியில் போடுவதா, போடாமலே விடுவதா?

மூன்றாம்கியர்
கார் கம்பெனி வாரன்டி முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. டர்போ பெட்ரோல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். நீட்டித்த வாரன்டி போடச் சொல்லி டீலரிடமிருந்து ஓயாமல் போன். "அப்புறம் போட முடியாது சார், இந்த மாசமே போட்டுடுங்க" என்கிறார்கள். வண்டி எடுத்த அன்றும் இதே பேச்சுதான், அப்போது தட்டிக் கழித்துவிட்டேன். இதுவரை பெரிய தொந்தரவு இல்லை. ஓட்டமும் குறைவு. இன்னும் நான்கைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம். போடலாமா? போடுவதென்றால் எப்போது?

கணக்குப்பிள்ளை
வேண்டாம்.

காரணம் எளிது. பெயர் வாரன்டி, உள்ளே இருப்பது காப்பீடு. எத்தனை வண்டி பழுதாகும், என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதன் மேல் அலுவலகச் செலவு, டீலர் கமிஷன், லாபம் எல்லாம் ஏற்றித்தான் விலை வைக்கிறார்கள். ஆகவே வாங்குகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. திரும்பினால் கடையை மூடிவிடுவார்கள்.

வண்டி மோதி ஒருவர் அடிபட்டால் வருகிற இழப்பீட்டைக் கையிலிருந்து கட்ட முடியாது, அதற்குக் காப்பீடு வேண்டும். ஏசி கம்ப்ரசர் போனால் வலிக்கும், குடி முழுகாது. அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பழுது வந்தால் எடுங்கள், வராவிட்டால் உங்கள் பணம். "இந்தப் பாகம் பட்டியலில் இல்லை" என்று உங்கள் சேமிப்புக் கணக்கு சொல்லாது.

ஸ்பானர்
கணக்குப்பிள்ளை அண்ணே, சராசரி பேசுவது சரி. ஆனால் சராசரி வண்டி என்று ஒன்று ஒர்க்ஷாப்புக்குள் வந்து நான் பார்த்ததில்லை. ஒருவருக்கு ஒன்றுமே வராது, இன்னொருவருக்கு மெக்கட்ரானிக்ஸ் போகும். நடுவில் யாரும் கிடையாது.

இவர் வண்டி இரட்டை கிளட்ச். இந்தக் கியர்பாக்ஸ்களில் கியர் மாற்றும் மூளையும் ஹைட்ராலிக் பகுதியும் பல மாடல்களில் ஒரே யூனிட், அதுதான் மெக்கட்ரானிக்ஸ். உள்ளே ஒரு சென்சார் போனாலும் சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். டர்போ, ஹை பிரஷர் பம்ப், ஸ்டியரிங் மோட்டார் எல்லாம் இதே கதை. டச் ஸ்கிரீன் செத்தால் சில கார்களில் ஏசியைக்கூடக் குறைக்க முடியாது. சாதாரண மேனுவல் பெட்ரோல் வண்டி என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை
//முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள்//

சரி, அந்த யூனிட் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அங்கேதான் சூட்சுமம். ஒப்பந்தம் இரண்டு வகை. ஒன்று, எதெல்லாம் சேரும் என்று பட்டியல் போடும். அதில் பெயர் இல்லாத பாகத்துக்குக் காசு இல்லை. இன்னொன்று, எதெல்லாம் சேராது என்று மட்டும் எழுதி மற்றதை ஏற்கும். விற்கிறவர் இரண்டையும் "ஃபுல் கவர் சார்" என்றுதான் சொல்வார். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், வைப்பர், பல்பு போன்ற தேய்மானப் பொருட்கள் எந்த வகையிலும் பொதுவாகச் சேராது. இரட்டை கிளட்ச் வண்டியில் அதிகம் அடிவாங்குகிற கிளட்ச் பேக், அதாவது கிளட்ச் தட்டுகளின் தொகுதி, தேய்மானமா, பழுதா? அதை முடிவு செய்வது அவர்கள்.

ஒரு கியர்பாக்ஸில் பரவலாகக் கோளாறு இருந்தால் கம்பெனியே வாரன்டியை நீட்டுவதும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2012-இல் சீனாவில் டிஎஸ்ஜி என்ற தன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 10 ஆண்டு, 160,000 கிலோமீட்டர் என்று நீட்டியது. அதற்கு யாரும் தனிப் பணம் கட்டவில்லை.

ஸ்பானர்
புகார் குவிந்த பிறகு வந்தது அது. அந்த நாட்டில், அந்த கியர்பாக்ஸுக்கு மட்டும். அதை நம்பி இவர் சும்மா இருக்க முடியுமா?

நெடுஞ்சாலை
இரண்டு பேரும் "போடலாமா" என்பதிலேயே நிற்கிறீர்கள். அவர் "எப்போது" என்றும் கேட்டாரே.

வண்டி எடுத்த அன்றே போடாதது நல்லதுதான். கம்பெனி வாரன்டி இருக்கும்வரை நீட்டித்ததற்கு வேலையே இல்லை, பணம் மட்டும் முன்கூட்டியே போய்விடும். அதைக் கார் கடனோடு சேர்த்துவிட்டால் வேலை செய்யாத வாரன்டிக்கு வட்டி வேறு. நடுவில் வண்டியை விற்றாலோ, விபத்தில் முழுசாகப் போனாலோ மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா, புது உரிமையாளருக்கு மாற்றலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

அதே சமயம் கடைசி நாள் வரை இழுப்பதும் ஆபத்து. வாரன்டி ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு தீர்ந்தது. என்னைப்போல நிறைய ஓட்டுகிறவர்களுக்கு நாள்காட்டி பாக்கி இருக்கும்போதே ஓடோமீட்டர் தாண்டிவிடும். தாண்டிய பிறகு போனால் கம்பெனித் திட்டம் கிடைக்காமல் போகலாம், அல்லது வண்டியைச் சோதித்த பிறகுதான் தருவார்கள். வெளி நிறுவனத் திட்டங்களில் பணம் கட்டிய பின்னும் கொஞ்ச நாள் கிளெய்ம் செய்ய முடியாத காத்திருப்புக் காலம் வைப்பதுண்டு. இடையில் விலை படிப்படியாக ஏறும். எந்தத் தேதியில் அடுத்த படி என்று கேளுங்கள். "இந்த மாசமே" என்பதற்கு அதுதான் காரணமா, மாதக் கடைசி டார்கெட் காரணமா என்று தெரிந்துவிடும்.

குறைந்த ஓட்டம் என்கிறீர்கள். அப்படியானால் கிலோமீட்டர் அதிகமுள்ள திட்டம் என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஆண்டு.

கணக்குப்பிள்ளை
தோழி நெடுஞ்சாலை சொல்லும் அந்த விலை ஏற்றத்துக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே எழுதினார்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது மோசமான வண்டிகள் நல்லவற்றைச் சந்தையிலிருந்து துரத்திவிடும் என்று. 2001-இல் நோபலும் பெற்றார். இங்கே அது தலைகீழ். வண்டி முனகுவது உரிமையாளருக்குத்தான் தெரியும். முனகும் வண்டிக்காரர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து வாரன்டி வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்கும் தெரியும், அதற்கேற்ப விலை வைப்பார்கள். நல்ல வண்டிக்காரர் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். மூன்றாம்கியர் வண்டி நல்ல வண்டி.

ஸ்பானர்
நல்ல வண்டி என்று யார் சொன்னது? இரட்டை கிளட்ச் நெரிசலில் லேசாக உதறினால் பாதிப் பேர் "அது அப்படித்தான்" என்று பழகிவிடுவார்கள்.

மூன்றாம்கியர், நீட்டிப்பு போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வேலையை இப்போதே செய்யுங்கள். இருக்கிற வாரன்டி முடியுமுன் வண்டியைக் கொடுத்து முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். ரிவர்ஸில் வரும் உதறல், குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் சத்தம், ஆயில் கசிவு, எது இருந்தாலும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள், புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். வாரன்டிக்குள் பதிவான புகார் பின்னால் பெரிதானால் "அப்போதே சொன்னேன்" என்று வாதாட ஒரு காகிதம் இருக்கும்.

நெடுஞ்சாலை
இதில் ஒரு சிக்கல். கம்பெனியே தரும் நீட்டிப்பில் அந்தக் காகிதம் உங்களுக்குச் சாதகம். வெளி நிறுவனத் திட்டம் என்றால் அதே காகிதத்தைக் காட்டி "முன்பே இருந்த கோளாறு" என்று தள்ளலாம். ஆகவே முதலில் சரிசெய்து வாங்குங்கள், பிறகு யாரிடம் போடுவது என்று பாருங்கள்.

ஆயில்கேன்
கிளெய்ம் கதை ஒன்று சொல்கிறேன். என் மைத்துனர் வண்டி, வெளி நிறுவன வாரன்டி, பெயர் வேண்டாம். ரேடியேட்டரில் கசிவு, கூலன்ட் இறங்கி இன்ஜின் சூடேறியது. அவர் உடனே ஓரம் கட்டினேன் என்கிறார். ஈசிஎம்மில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவான தரவை எடுத்து, எச்சரிக்கைக்குப் பிறகும் வண்டி ஓடியிருக்கிறது என்றார்கள். ரேடியேட்டருக்குக் காசு வந்தது. வளைந்த சிலிண்டர் ஹெட்டுக்கு வரவில்லை. ஒரு பாகம் போனதால் இன்னொன்று கெட்டால் அது தொடர் சேதமாம், சேராதாம்.

அதைவிட எரிச்சல், இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். பிரித்தார்கள், மறுத்தார்கள், பிரித்த கூலியும் இவர் தலையில். வாங்குமுன் கேளுங்கள்: கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரிக்கும் கூலி யாருடையது?

கணக்குப்பிள்ளை
இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஸ்பானர்
நானும் சொல்கிறேன்: கம்பெனி நேரடியாகத் தரும் திட்டத்தில் பிரிக்கிறவரும் முடிவு சொல்கிறவரும் ஒரே குடும்பம், இந்த இழுபறி குறைவு. அதற்காக இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்வீஸ் ஒன்று தவறினாலும், ஆயிலை வெளியில் மாற்றிவிட்டு பில்லைத் தொலைத்தாலும் அங்கேயும் வாதம்தான்.

வயர்ஹார்னஸ்
மின்சார காருக்கும் இதே பேச்சா?

நெடுஞ்சாலை
பேட்டரிக்குப் பெரும்பாலும் தனி வாரன்டி, 8 ஆண்டு, 160,000 கிலோமீட்டர் என்பது பல கம்பெனிகளில் வழக்கம். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் என்று நிபந்தனை வைப்பவர்களும் உண்டு. நீட்டிப்பு தேவைப்படுவது வண்டியிலேயே இருக்கும் சார்ஜர், ஏசி, ஸ்கிரீன் போன்றவற்றுக்கு. அவை சேருமா என்று பாருங்கள்.

மூன்றாம்கியர்
எல்லோருக்கும் நன்றி. டீலரிடம் முழு ஒப்பந்தத்தைக் கேட்டேன், முதலில் விளம்பரத் தாளை அனுப்பினார்கள். மறுபடி கேட்ட பிறகுதான் வந்தது. கம்பெனி நேரடித் திட்டம். சேராதவற்றைப் பட்டியல் போடும் வகை. மெக்கட்ரானிக்ஸ் விலக்கில் இல்லை, கிளட்ச் பேக் இருக்கிறது. மொத்த கிளெய்ம் வண்டியின் அன்றைய மதிப்பைத் தாண்டக் கூடாது. ஒரு வருடமாகவும் போடலாம், இரண்டாகவும் போடலாம். ரிவர்ஸ் உதறலை ஜாப் கார்டில் எழுத வைத்தாயிற்று, வண்டி உள்ளே நிற்கிறது.

ஸ்பானர்
மெக்கட்ரானிக்ஸ் சேருகிறதென்றால் இரண்டு வருடமாகப் போடுங்கள். உதறலைச் சரிசெய்து வாங்கிய பிறகு.

கணக்குப்பிள்ளை
போட்டே தீருவேன் என்றால் ஒரு வருடம் போதும். குறைந்த ஓட்டம், கிளட்ச் பேக் சேராது. மீதிப் பணத்தை நான் சொன்ன தனிக் கணக்கில் போடுங்கள். அப்புறம் அந்தப் பிரிக்கும் கூலி விஷயத்தை எழுத்தில் கேட்டீர்களா?

மூன்றாம்கியர்
கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று வாட்ஸப்பில் பதில், கூடவே ஒரு கட்டைவிரல். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை பணம் கட்டப் போவதில்லை.