கன அயனி மோதிப் பிளந்த அணுக்கரு: உங்கள் அனுபவம் என்ன?

பென்னாகரம், கல்லூரி ஆசிரியர்:
தருமபுரியில் முதுகலை இயற்பியல் எடுக்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது டெல்லி முடுக்கி மையத்தில் பீம் டைம், அதாவது முடுக்கியைப் பயன்படுத்த நேரம், கிடைத்தது. அணுக்கருப் பிளவு என்றாலே பிள்ளைகள் மின்சாரத்தையும் குண்டையும்தான் கேட்கிறார்கள். துண்டுகள் எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்பவர் அபூர்வம். எனக்கோ அதுதான் உயிர்.

மெதுவான நியூட்ரான் யுரேனியத்தைப் பிளந்தால் துண்டுகள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் போகும். ஆக்சிஜன் போன்ற கன அயனியை (எலெக்ட்ரான் இழந்த கனமான அணு) தோரியத்தில் மோதவிட்டால் கதை வேறு. கற்றைக் கோட்டை, அதாவது அயனிகள் பாய்ந்து வரும் கோட்டை, ஒட்டி முன்னும் பின்னும் துண்டுகள் அதிகம், 90 டிகிரியில் குறைவு. கன அயனி ஓரமாக வந்து இடித்து அணுக்கருவைச் சுழற்றிவிடுகிறது. சுழலும் அச்சு கற்றைக்குச் செங்குத்தாக அமையும். துண்டுகள் பெரும்பாலும் அந்தச் சுழல்தளத்தை ஒட்டியே பறக்கின்றன. மோதலுக்கு மோதல் தளம் மாறும், ஆனால் கற்றைக் கோடு எல்லாத் தளத்துக்கும் பொது. பூசணிக்காயின் வரிகள் இடுப்பில் விலகிக் காம்பில் நெருங்குமே, அதேதான்.

வெற்றிட அறைக்குள் இலக்கு மிக மெல்லிய படலமாக இருக்கும். தடித்தால் துண்டு அதற்குள்ளேயே ஆற்றலை இழந்துவிடும். 90 டிகிரியிலிருந்து 170 வரை சிலிக்கான் டிடெக்டர்கள், முன்பக்கம் சிறு கோணத்தில் இரண்டு மானிட்டர். மானிட்டரில் விழும் ரதர்ஃபோர்டு சிதறலை (பிளக்காமல் மின்விலக்கால் திசைமாறி வரும் அயனிகளை) வைத்துத்தான் மற்ற எண்ணிக்கைகளைச் சரிசெய்வோம். இரவு ஷிஃப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிதறல் ஊசி மாதிரி கூராக நிற்கும், பிளவுத் துண்டுகள் அகன்ற மேடாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழும். அந்த மேடு வளர்வதைப் பார்த்தவருக்குத் தூக்கம் வராது.

ஓசூர், லேத் பட்டறை:
சார், எங்கள் பட்டறைக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அலுமினிய வளையம் ஒன்று செய்யச் சொல்லி வந்தது. டிடெக்டர் மாட்ட வளையத்தைச் சுற்றித் துளைகள். துளையின் கோணமும் நடுவிலிருந்து தூரமும் துளி பிசகக்கூடாது என்று வந்தவர் பக்கத்திலேயே நின்றார். மோட்டார் பாகத்துக்குக்கூட இவ்வளவு கறார் பார்த்ததில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

பென்னாகரம், கல்லூரி ஆசிரியர்:
அவர் நின்றதில் நியாயம் இருக்கிறது. 180 டிகிரியை நெருங்க நெருங்க எண்ணிக்கை வேகமாக ஏறும், அங்கே ஒரு டிகிரி தவறினாலும் விடை மாறிவிடும். டிடெக்டர் பிடிக்கும் திண்மக்கோணமோ, அதாவது இலக்கிலிருந்து பார்த்தால் அது மறைக்கும் பரப்பின் பங்கோ, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். உங்கள் கைவேலை அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கிறது.

ஊத்தங்கரை, ஆராய்ச்சி மாணவி:
வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது: "கோண உந்தம் எவ்வளவு என்று சொல்லிவிட்டாய், கே என்ன ஆச்சு?" டென்மார்க் இயற்பியலாளர் ஆகே போர் 1955 ஜெனீவா மாநாட்டில் வைத்த கருத்திலிருந்து தொடங்கினேன். நீண்டு நிற்கும் அணுக்கருவின் சமச்சீர் அச்சில் கோண உந்தத்தின் (சுழற்சியின் அளவின்) பங்கு கே. பிளவதற்குமுன் கடக்க வேண்டிய ஆற்றல் மேடான பிளவுத் தடையின் உச்சியில் இருக்கும் கே மதிப்பே துண்டுகளின் திசையைத் தீர்மானிக்கும். 1958இல் ஹால்பெர்ன், ஸ்ட்ருட்டின்ஸ்கி இருவரும் அதைப் புள்ளியியல் கணக்காக்கினார்கள். அணுக்கரு சூடாக இருந்தால் கே பல மதிப்புகளில் பரவும், துண்டுகள் முன்னும் பின்னும் குவியும் சாய்வு குறையும். இது வரைக்கும் சரளமாக வந்தது. "கணக்கைவிடச் சாய்வு அதிகமாக வந்தால்?" என்றார்கள். அப்புறம் அரை மணி நேரம் அதுதான் பேச்சு. சார், நீங்கள் அப்படிப் பார்த்ததுண்டா?

பென்னாகரம், கல்லூரி ஆசிரியர்:
பார்த்திருக்கிறேன் அம்மா. இந்தத் துறையின் சுவையே அங்கேதான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வி.எஸ். ராமமூர்த்தி, எஸ்.எஸ். கபூர் இருவரும் 1985இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: இரண்டு கருக்களும் ஒன்றுகூடி, கே முழுதாகப் பரவிச் சமநிலை அடைவதற்குள்ளேயே சில உடைந்துவிடுகின்றன. மோதிய திசையின் நினைவு அழியவில்லை, அதனால் சாய்வு கூடுகிறது. 1995இல் கான்பெராவில் ஹிண்டே குழு ஆக்சிஜன் 16ஐ யுரேனியம் 238இல் மோதவிட்டது. கற்றையின் ஆற்றலை, இரு கருக்களும் சேரவிடாத மின்விலக்குத் தடைக்குக் கீழே இறக்க இறக்கச் சாய்வு குறைய வேண்டும், அங்கே ஏறியது. யுரேனியம் நீள்வட்ட உருவம் கொண்டது. குறைந்த ஆற்றலில் அதன் நுனியில் படும் மோதல்களே மிஞ்சும், நுனியில் ஒட்டியது உருண்டு ஒன்றாகாமல் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பது அவர்கள் விளக்கம். விலாப்பக்கம் பட்டவை மட்டுமே முழுதாக இணைகின்றன. ஊத்தங்கரைப் பெண்ணே, உன் இலக்கு உருண்டையா நீளமா என்று முதலில் சொல், மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.