கிராம சபைக்கு ஊரை எப்படி வரவழைப்பது?

ஆலமரத்தடி (கேள்வி):
வணக்கம். எனக்கு வயது 41. இந்த அக்டோபர் 2 அன்றுதான் முதல் முறையாக எங்கள் ஊர் கிராம சபைக்குப் போனேன். பள்ளி வளாகத்தில் பந்தல், முப்பது நாற்காலிகள். வந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். பொருள் நிரலை ஒருவர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானப் புத்தகம் கைமாறி வந்தது. மேலே தேதி, கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக இருபத்தேழு, நடுவில் வெற்றுத்தாள். "எழுதிவிட்டுக் கொடுங்கள், போடுகிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா, "போட்டுவிடு தம்பி, வெயில் ஏறுகிறது" என்றார். அவர்மீது எனக்குக் கோபமே இல்லை. மூன்று வருடமாகத் தெருக்குழாய் கேட்டு அலுத்துப்போனவர் அவர்.

எங்கள் ஊர் அளவுக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவைக் கேட்க வாக்காளர் ஒவ்வொருவருக்கும் 1994 ஊராட்சிகள் சட்டம் உரிமை தந்திருக்கிறது. இதை ஊருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஏரிக்கரை:
தம்பி, நான் ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தவள். சட்டத்தைப் பிறகு சொல்லலாம். ஊரே தவிக்கும் ஒரு காரியத்தை முதலில் கையில் எடுங்கள். எங்களுக்கு அது ஏரியின் வரத்து வாய்க்கால். தூர்ந்துபோய், இரண்டு மழைக்காலம் ஏரிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தெருவும் காலனியும் சேர்ந்து வாய்க்காலின் தலைமாடு வரை நடந்தோம். அதற்கு முன் நாங்கள் அப்படிச் சேர்ந்து நடந்ததே இல்லை. எங்கே அடைப்பு, எங்கே கரை உடைப்பு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டில் படமாக வரைந்தாள். அந்த நோட்டோடுதான் கிராம சபையில் உட்கார்ந்தோம். நடந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தீர்மானத்தை எழுதச் சொல்லி, உரக்க வாசிக்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டோம். நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறக்காதீர்கள்.

பனங்காடு:
தீர்மானம் போட்டால் வேலை நடந்துவிடுமா? எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதைக்கு மூன்று முறை போட்டோம், பாதை அப்படியேதான் கிடக்கிறது. அதற்காக நான் போகாமல் இருந்ததில்லை. ஒடிசாவின் நியாம்கிரி மலையை நினைத்துக்கொள்வேன். அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்குச் சுரங்கம் தோண்டினால் அங்கு வாழும் பழங்குடி மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. அவர்களுக்கு வன உரிமைச் சட்டம் துணை நின்றது, நமக்கு அந்தப் பலம் இல்லை. ஆனால் ஓர் ஊர்கூடப் பிரிந்து நிற்கவில்லை என்பதையும் பாருங்கள்.

ஆலமரத்தடி:
இருவருக்கும் நன்றி. அடுத்த கூட்டம் நவம்பர் 1. மேல்நிலைத் தொட்டி வால்விலிருந்து கடைசிக் குழாய் வரை நடக்கலாமா என்று அந்த அக்காவிடமே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நோட்டு நான் வாங்கி வருகிறேன்" என்றார்.