சரளி வரிசை சொல்லித்தந்தவர் பெயர் மேடையில் ஏன் வருவதில்லை?

கண்டனூர் ரசிகன்:
நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தி இப்போது சென்னை சபாக்களில் நன்றாகப் பாடி வருகிறாள். காரைக்குடியில் அவள் கச்சேரி. அறிமுகம் செய்தவர் சென்னை குருவைப் பற்றி விரிவாகப் பேசினார், தப்பில்லை. ஆனால் சின்ன வயதில் அவளை உட்காரவைத்து சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், வர்ணம் என்று ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்துப் படிப்படியாகத் தொண்டையைத் திறந்துவிட்ட நம்மூர் டீச்சர் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. என் கட்சி இதுதான்: பெரிய குரு பாடாந்தரம், அதாவது கீர்த்தனைகளைத் தன் வழியில் பாடும் முறை, தருவார், மேடை தருவார். குரல் முதல் ஆசான் போட்டது. ஆயுசுக்கும் கூட வருவது அதுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

அரியக்குடி வடக்குத்தெரு:
மறுக்கிறேன் அண்ணே. எங்க ஊரையே எடுத்துக்குவோம். 'அரியக்குடி' என்றே எல்லோரும் சொல்லும் பாடகர் ராமாநுஜ ஐயங்கார் 1890இல் பிறந்தவர். முதலில் புதுக்கோட்டை மலையப்ப ஐயர், அடுத்து நாமக்கல் நரசிம்ம ஐயங்கார், அதற்கப்புறம்தான் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். யாரைச் சொல்லி அவரை அடையாளம் காட்டுகிறோம்? பூச்சியை. காரணம் இருக்கிறது. தியாகராஜர், மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர் என்று வந்த சொத்து பூச்சி வழியாகத்தான் அவர் கைக்கு வந்தது. அதோடும் அவர் நிற்கவில்லை. வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுவென்று கீர்த்தனைகள், நடுவில் கனமான உருப்படி, பல்லவி, அப்புறம் துக்கடா எனும் சின்னப் பாட்டுகள் என்ற கச்சேரிக் கட்டமைப்பை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தது அவருடைய சொந்த மூளை. எந்த வாத்தியார் சொல்லித்தந்தது அது?

தேவகோட்டைத் தம்புரா:
தம்பி, நீங்க சொல்றதெல்லாம் பாட்டைப் பத்தி. ரசிகன் கேட்டது சாரீரத்தை, அதாவது குரலைப் பத்தி. நான் முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

பிள்ளை வந்து உட்கார்ந்ததும் முதல்ல பார்க்கிறது எந்தக் கட்டைன்னு, அதாவது எந்தச் சுருதின்னு. பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை. சொல்லிக்கொடுக்கிறவர் ஆம்பளையா இருந்து, தன்னோட ஒண்ணு, ஒண்ணரைக் கட்டையிலேயே அவளையும் பாடவச்சா, மந்திர ஸ்தாயியில, அதாவது கீழ்க்குரல்ல, சத்தமே வராம அமுக்கி அமுக்கிப் பாடிப் பழகிடும். ஆம்பளைப் பையனுக்கு மகரக்கட்டு உடையற, அதாவது குரல் மாறுற வயசு வரும். அந்தச் சமயத்துல பழைய சுருதியிலேயே கத்தவிட்டா குரல் நாண் வீங்கும், கரகரப்பு நிலைச்சுடும். கட்டையை இறக்கணும், நேரத்தைக் குறைக்கணும், தேவைப்பட்டா கொஞ்ச நாள் பாட்டையே நிறுத்தி தாளம் மட்டும் போடச் சொல்லணும். அடுத்தது அகாரம். வாயைத் திறந்து 'ஆ'ன்னு நேரா வரணும். மேல் ஸ்தாயி எட்டலேன்னு கள்ளத்தொண்டை, அதாவது பொய்க்குரல், போட்டா அந்த நிமிஷமே நிறுத்தணும். மூணாம் காலத்துல, அதாவது வேகமாப் பாடும்போது, ஸ்வரம் வழுக்கினா மறுபடியும் முதல் காலத்துக்கு வரணும்.

இந்த வேலையைப் பெரிய வித்துவான் யாரும் செய்ய மாட்டார். தயாரான குரலாப் பார்த்துத்தான் அவர் எடுத்துக்குவார்.

பள்ளத்தூர் ராகம்:
ஆச்சி சொல்லும் வேலைக்கு மேற்கத்திய இசையில் தனி ஆளே உண்டு. அங்கே ஓபரா என்ற இசைநாடகத்தில் குரல் பயிற்சி ஆசிரியர் வேறு, நாடகப் பாத்திரத்தைப் பாடத் தயார்செய்பவர் வேறு. ஓபரா பாடகி மரியா காலஸ் ஏதென்ஸ் கன்சர்வேட்டரியில் எல்விரா டி இடால்கோவிடம் படித்தார். தன் பாடம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மற்ற மாணவர்களின் பாடத்தையும் கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஓபரா பாடகர் பவரோட்டிக்கு மோதெனாவில் அர்ரீகோ போலா, பிறகு மாந்துவாவில் காம்போகல்லியானி. அவர்கள் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தப் பெயர்கள் தவறாமல் வரும். நாம் ஒரே 'குரு'வில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம்.

அரியக்குடி வடக்குத்தெரு:
அப்படியானால் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம், நம்ம ஜி.என்.பி.? பழைய வழியில் நீண்ட குருகுலவாசம் இருந்தவரில்லை. 1928இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பாடி மேடைக்கு வந்தபோது வயது பதினெட்டு. அரியக்குடியைக் கேட்டார், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தைக் கேட்டார், அந்த வேகமாக உருளும் பிருகாவைத் தன் தொண்டைக்குள் தானே கொண்டுவந்தார். எந்த ஆசான் போட்ட குரல் அது? பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரைப் பாருங்கள். இளமையில் குரல் ஒத்துழைக்கவே இல்லை. சாதகம் பண்ணிப் பண்ணி வசப்படுத்தினார். அவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தூர் ராகம்:
செம்மங்குடியை எடுத்தது உங்களுக்கே எதிராகப் போகும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் திருவிடைமருதூர் சகாராம ராவ் உண்டு. அவர் கோட்டுவாத்தியக்காரர். தந்திமேல் மரக்கட்டையை வழுக்கவிட்டு வாசிக்கும் அந்த இழைப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் அவருடைய கமகத்தில், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதத்தில், நான் அதைக் கேட்கிறேன். சாதகம் அவருடையதுதான். எதை நோக்கிச் சாதகம் செய்தார் என்பதில் ஆசான் இருக்கிறார்.

கோலாலம்பூர் காரைக்குடியாள்:
நான் இரண்டு கட்சியிலும் சேரமாட்டேன். ஆசான் போட்டது நிலைக்கும் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். கெட்டதும் அப்படித்தான் நிலைக்கிறது. சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயதானவர், பெரிய ஞானஸ்தர். அவர் குரலில் நடுக்கமும் மூக்கொலியும் இருந்தன. நாங்கள் நாலைந்து பிள்ளைகள் அதையே சங்கீதம் என்று நினைத்துப் பாடினோம். பத்து வயதுப் பிள்ளை எழுபது வயதுக் குரலில் பாடுவதைத் திருத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை. "அப்படியே குருவைக் கேட்ட மாதிரி இருக்கு" என்று பாராட்டினார்கள். அந்த மூக்கொலி இன்றும் அசதியாக இருக்கும் நாட்களில் என் பாட்டில் வந்துவிடும்.

இப்போது என் மகள் கணினி வழியாகக் கற்கிறாள். சத்தம் தாமதித்து வருவதால் டீச்சரோடு சேர்ந்து பாட முடியாது. அவர் பாடி முடித்தபின் இவள் பாடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டு பேரும் அகாரம் பிடிப்பது அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவள் குரலில் யார் தங்கப்போகிறார்கள்?

கண்டனூர் ரசிகன்:
இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை ஆச்சி. ஆனால் நீங்கள் எழுதியது என் கட்சிக்குத்தான் பலம். பாடகர் கே.வி. நாராயணசுவாமியைப் பாருங்கள். 1942இல் அரியக்குடியிடம் வரும்போதே பாலக்காட்டில் வீட்டிலும், மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரிடமும் கற்றிருந்தார். பாடாந்தரம் முழுக்க அரியக்குடி வழி. ஆனால் அரியக்குடியின் துள்ளல் வேறு, இவருடைய நிதானம் வேறு. அந்த நிதானம் வரும்போதே கூட வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரியக்குடி வடக்குத்தெரு:
அது அவருடைய சுபாவம் அண்ணே. நல்லது எல்லாவற்றையும் ஆசானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாடுகிறவருக்கு என்ன மிச்சம்? மேடையில் அந்த டீச்சர் பெயரைச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சபாக்காரர்களிடம் நானும் உங்களோடு வந்து பேசுகிறேன். "அவர் போட்ட குரல்" என்று அறிவித்தால் மட்டும் எழுந்து மறுப்பேன்.

தேவகோட்டைத் தம்புரா:
பெயர் சொல்றதும் விடுறதும் உங்க பாடு தம்பி. மூணாவது வருஷத்திலேயே மகளைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடணும்னு பெத்தவங்க துடிக்கிறாங்களே, அதுதான் எனக்குக் கவலை. வர்ணம் ரெண்டு காலத்துல சுத்தமா வராம எங்கே போய் என்ன பண்ண?

கோலாலம்பூர் ஆச்சி, லீவுக்கு ஊருக்கு வரும்போது மகளை ஒரு மாசம் என்கிட்ட விடுங்க. கீர்த்தனை எதுவும் வேணாம். காலையில மந்திர ஸ்தாயி, அகாரம், மாயாமாளவகௌளை ராகத்துல வரிசைகள், நானும் கூடவே பாடறேன். அவ முதன்முதல்ல பாடின பதிவு இருந்தா எடுத்துட்டு வாங்க, எந்தக் கட்டையில ஆரம்பிச்சாங்கன்னு பார்க்கணும்.