ஆர்34 ஸ்கைலைன் வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிரிட்டனில் ஜப்பான் இறக்குமதி கார் வைத்திருப்பவர்கள் இருந்தால் உதவுங்கள். பர்மிங்காம் பக்கம் 1999 நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஸ்கைலைனின் உச்ச மாடலான ஜிடி-ஆர் இல்லை; 2.5 லிட்டர் ஆர்பி25 டர்போ இன்ஜின், மேனுவல் கியர். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட கார்.

ஜப்பான் ஏலத் தாளில் (ஏலத்தில் காரின் நிலையைச் சோதித்து எழுதித் தருவது) தரம் 4, உள்பக்கம் பி, 96,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. விபத்தைக் காட்டும் ஆர் குறி இல்லை. ஆனால் பின் சக்கர வளைவில் டபிள்யூ2, எஸ்1 என்று போட்டிருக்கிறார்கள், அதாவது பழுது பார்த்த தடமும் துருவும். துருதான் என் பெரிய கவலை. ஆர்34-இல் முன்பக்க ஸ்ட்ரட் டவர், அதாவது சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியோடு சேரும் இடம், அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் அடியில் போயிருக்கலாம். சீலண்ட் பூசி மறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு போடுகிறார்களே, அடிப்பாகத்துக்கு நீங்கள் என்ன பூச்சு அடித்தீர்கள்?

அப்புறம், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை. வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்ற எவ்வளவு ஆனது?

சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். இந்த இன்ஜின் தெரிந்த மெக்கானிக் அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், கூலி கொடுத்தே கூட்டிப்போகிறேன்.