உதவி தேவை: ஹம்பி பயணத்துக்கு ஒரே லென்ஸ், எதை வாங்கலாம்? (அவசரம்)

வைகைக்கரையாள்:
வணக்கம். அடுத்த வாரம் ஹம்பி, பாதாமி போகிறோம். ஒரே ஒரு லென்ஸோடு போக நினைக்கிறேன். கோபுரம், சிற்பம், அம்மா அப்பா முகம், தூரத்தில் பறவை என்று எல்லாம் எடுக்க வேண்டும். கடையில் 18-300 மி.மீ. ஜூம் (18இல் அகலமாகவும் 300இல் தூரத்தை இழுத்தும் எடுக்கும்) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? நாளை மாலைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

அரிக்கேன்:
கேமரா எது? இப்போது கையில் என்ன லென்ஸ் இருக்கிறது? எவ்வளவு செலவு செய்ய முடியும்? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

மலையேறி:
தயங்காமல் 18-300 வாங்குங்கள். நான் மூன்று ஆண்டுகளாக அது ஒன்றோடுதான் சுற்றுகிறேன். ஹம்பியில் மண் பறக்கும். லென்ஸைக் கழற்றினால் தூசி நேரே சென்சாரில் (படம் பதியும் சில்லு) போய் உட்காரும். தனுஷ்கோடியில் காற்றுக்கு நடுவே ஒரு முறை கழற்றி மாட்டினேன். அந்தப் பயணத்தில் எடுத்த வானம் அத்தனையிலும் கரும்புள்ளி.

பழைய ஃபிலிம்:
இந்தக் கேள்வியை மாதம் நான்கு பேர் கேட்கிறார்கள். எல்லாம் செய்யும் லென்ஸ் எதையும் உருப்படியாகச் செய்யாது. 300இல் எஃப் 6.3தான் கிடைக்கும் (எண் பெரிதானால் உள்ளே வரும் ஒளி குறைவு), பாதாமிக் குகைக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கிக் காலால் நடந்து படம் எடுக்கப் பழகுங்கள். பழைய ஏஎஃப்-டி வகை செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். முதலில் துளை (ஒளி நுழையும் வழியின் அளவு), ஷட்டர் (அது திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றுக்கும் உள்ள உறவைப் படியுங்கள்.

வைகைக்கரையாள்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நிக்கான் டி5600. அதோடு வந்த 18-55 மட்டும் இருக்கிறது. 25 ஆயிரம் வரை செலவு செய்யலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். அதனால்தான் ஒரே லென்ஸ் என்றேன்.

கல்தச்சன்:
டி5600 என்றால் ஏஎஃப்-டி வாங்கிவிடாதீர்கள், தங்கை. அந்தக் கேமரா உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள்தான் தானாக ஃபோகஸ் ஆகும். மற்றதைக் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு அது நடக்காது.

காலால் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 3 மீட்டர் உயரச் சிற்பம் ஒன்றை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து முழுதாக எடுக்க, உங்கள் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 6.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 18 என்றால் 2.3 மீட்டர் போதும். பாதாமிக் குகைத் தாழ்வாரத்தில் பின்னால் போகப் போக முதுகில் தூண் இடிக்கும்.

பழைய ஃபிலிம்:
கணக்கு சரி. மோட்டார் விஷயத்தில் என் தவறு, அவர் கேமரா அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இருட்டு இருட்டுதானே?

கல்தச்சன்:
கல் அசையாது ஐயா. அவருடைய 18-55 விஆர் வகையாக (கை நடுக்கத்தைச் சமாளிப்பது) இருந்தால் 18இல் மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/8 வினாடியில்கூடத் தெளிவாக எடுக்கலாம். அசைகிற ஆட்களை எடுக்கும்போதுதான் எஃப் 1.8 கைகொடுக்கும். தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும், அதை நம்பிப் போக முடியாது.

மலையேறி:
18-300இலும் 18 இருக்கிறது, விஆர் இருக்கிறது. அதையே ஏன் வாங்கக் கூடாது?

அரிக்கேன்:
அது நீண்டு சுருங்கும் லென்ஸ். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். தூசியே வராது என்று சொல்ல முடியாது.

மலையேறி:
கழற்றி மாட்டுவதைவிடப் பலமடங்கு மேல். தூசி வந்தால் வாயால் மெல்ல ஊதினால் போகிறது.

கல்தச்சன்:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். எச்சில் துளி சென்சாரின் மேல் கண்ணாடியில் காய்ந்தால் ஊதியெல்லாம் போகாது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். ரப்பர்ப் பந்து ஊதி ஒன்று வாங்கி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

மலையேறி:
நான் பத்து முறை ஊதியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அரிக்கேன்:
ஊதுவதைத் தனி இழையில் பேசலாம். வைகைக்கரையாள், ஒரு வேலை செய்யுங்கள். போன முறை கோயில் சுற்றிய படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் குவியத் தூரம் (18, 55 என்கிற அந்த மி.மீ. எண்) எவ்வளவு என்று பாருங்கள். எந்த எண்ணில் முட்டி நிற்கிறீர்களோ, அந்தப் பக்கம்தான் உங்களுக்கு லென்ஸ் குறைகிறது.

வைகைக்கரையாள்:
பார்த்துவிட்டேன் அண்ணா. தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டும் சேர்த்து 312 படங்கள். 190க்கு மேல் 18இல் இருக்கின்றன. 55இல் எடுத்தவை நாற்பதுகூட இல்லை. நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

அரிக்கேன்:
அப்படியானால் 300ஐ மறந்துவிடுங்கள், உங்களுக்கு அகலம்தான் போதவில்லை. நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 பாருங்கள். 230 கிராம்தான், விஆர் உண்டு, டி5600இல் முழுமையாக வேலை செய்யும். கல்தச்சன் சொன்ன அதே சிற்பத்தை 10இல் 1.3 மீட்டரிலேயே முழுதாக எடுக்கலாம். ஓரங்கள் இழுபட்டுத் தெரியும், அதனால் அம்மா அப்பாவை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். முகங்களுக்கு 18-55 போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தங்கும் அறையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் வழியில் கழற்றவே வேண்டாம். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

மலையேறி:
அங்கிருந்து தரோஜி கரடிச் சரணாலயம் போவீர்களே, அதற்கு என்ன செய்வீர்கள்?

வைகைக்கரையாள்:
ஆமாம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு மாலை போகிறோம்.

கல்தச்சன்:
அங்கே பார்வையாளர் கோபுரத்தில் இருந்து கரடியைப் பார்க்கும் தூரத்துக்கு 300கூடச் சின்னதுதான். ஒரு மாலைக்காக ஐந்து நாளும் பாரம் சுமக்க வேண்டாம். அப்பாவுக்கு ஒரு பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள்.

மலையேறி:
இதை நான் ஏற்கவில்லை. கரடியைப் படத்தில் பார்க்காமல் திரும்பினால் வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

(பதினாறு நாட்கள் கழித்து)

வைகைக்கரையாள்:
எல்லோருக்கும் நன்றி. 10-20ஐ வாடகைக்கு எடுத்துப் போனேன். பாதாமி முதல் குகையின் பதினெட்டுக் கை நடராசர் முழுதாக வந்துவிட்டார். தரோஜியில் கரடி படத்தில் ஒரு புள்ளிதான். அப்பா பைனாகுலரைக் கடைசி வரை கையை விட்டு இறக்கவில்லை. விருபாட்சர் கோயிலில், சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழும் அந்த இருட்டறையில் 18-55தான் மாட்டியிருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு எடுத்தேன், வந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டேன், படங்களைப் பிறகு இடுகிறேன்.

பழைய ஃபிலிம்:
அந்தத் தலைகீழ் நிழலுக்கு ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள், அம்மா? நான் இரண்டு முறை போயும் எனக்குச் சரியாக விழவில்லை.