புதுப்பிப்பு: இந்திய பாஸ்போர்ட், ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் – பாரிஸ் மியூசியங்களில் இலவச அனுமதி கிடைத்தது

ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவருக்கு, 26 வயது நிரம்பாதிருந்தால், பாரிஸ் மியூசியங்களில் இலவச அனுமதி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உண்டு. "காலேஜ் ஐடி போதாது, ரெசிடென்ஸ் பெர்மிட்டின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. லூவ்ர் மியூசியத்துக்கு இலவச டிக்கெட்டையே நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்தேன். வாசலில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த தேதியையும் காலாவதித் தேதியையும் சரிபார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். ஓர்சே மியூசியத்திலும் அப்படியே. சேன்ட் ஷாப்பெல் என்ற பழைய தேவாலயத்துக்கு வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஜன்னல்கள். சிவப்பும் நீலமும் தரையெல்லாம் விழுந்து கிடக்கும். எனக்கு வெளியே வரவே மனமில்லை.

நான் எதிர்பார்க்காதது ரோமில் நடந்தது. கொலோசியத்தில் 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ என்ற சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். அங்கே பாஸ்போர்ட்தான் கணக்கு, எங்கே வசிக்கிறோம் என்பது செல்லாது. முழுக் கட்டணம் கட்டினேன். கொலோசியத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். தேதி ஒத்துவந்தால் அன்றைக்குப் போங்கள், ஆனால் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுவது நல்லது.